நூற்றிருபது மூச்சு

தை அமாவாசைக்கு மறுநாள் காலை எட்டு மணி வாக்கில், புங்கடிவலசைக்கு நேர் எதிரே கடலுக்குள் பாறைத் திட்டாகக் கிடக்கும் பெரிய பாரில் பாசி எடுக்க முங்கிய களஞ்சியத்துக்கு மூச்சு தீரவில்லை. வழக்கமாக இரண்டு கை பாசி கிள்ளுவதற்குள் நெஞ்சு இறுகும், மூன்றாவது கைக்குக் காதுக்குள் இரைச்சல் கேட்கும், நான்காவது கையைப் பாதியில் விட்டுவிட்டு மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை இழுத்துக்கொண்டு மறுபடியும் முங்க வேண்டும், இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு நான்கு கை முடிந்தது, பத்துக் கை முடிந்தது, இடுப்பில் கட்டியிருந்த வலைப்பை நிறைந்து தொடையில் இடித்தது, நெஞ்சு மட்டும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத நெஞ்சுக்கு நாமாகப் போய் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று அவள் பையை அவிழ்த்து, மேலே நின்ற வல்லப் படகிலிருந்து தொங்கிய கயிற்றில் கட்டி, இரண்டு தடவை சுண்டிக் காட்டிவிட்டு, மேலிருந்து இறங்கிய வெறும்பையை வாங்கிக்கொண்டு அடுத்த பாறைக்கு நகர்ந்தாள்.

மேலே வல்லத்தில், அந்தப் பை வந்து சேர்வதற்கு முன்னால், அழுகைதான். கடலில் முங்குகிற பெண்கள் இரண்டிரண்டு பேராகத்தான் இறங்குவார்கள். ஒருத்தி தலை தெரியாவிட்டால் மற்றவள் தேட வேண்டும். களஞ்சியத்தின் ஜோடி சீனியம்மா. நாற்பத்தேழு வயது, அடுப்புப் புகை கொடுத்த இழுப்பு நோய், அந்த வல்லத்தில் ஏறும் பதினான்கு பேரில் மிகவும் குட்டையான மூச்சு அவளுடையதுதான். "என் தங்கத்தக் கடல் கொண்டுபோயிருச்சே" என்று மாரில் அடித்துக்கொண்டே அவள் முங்கினாள், முங்கிய வேகத்தில் திரும்பி வந்தாள், வல்லத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரைத்தாள்.

"உசுரோடதான் இருக்கா."

"என்னக்கா பண்றா?"

"பாசி கிள்ளுறா. என்னையப் பாத்து கைய ஆட்டுறா. போ போ, போய் வேலையப் பாருங்கறா."

அதற்கு மேல் அழுவதற்கு ஒன்றும் இல்லாததால் அவரவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது களஞ்சியத்தின் பங்கைத் தூக்குவாளியிலேயே மூடி வைத்தார்கள். ஒரு மணிக்கு அவள் மேலே வந்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டாள்.

இந்த இடத்தில் சோழிக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வந்த வில்லங்கம் புரியாது. புங்கடிவலசையில் மூன்று வல்லங்களில் நாற்பத்தொரு பெண்கள் பாசிக்குப் போகிறார்கள். அவர்கள் மரிக்கொழுந்து என்று சொல்வது தலையில் வைக்கிற மரிக்கொழுந்தை அல்ல, பாறையில் கருஞ்சிவப்பாக விரல் நீளத்துக்கு வளர்கிற ஒரு பாசியை. காயவைத்து மூட்டை கட்டினால் கம்பெனிக்குப் போகும், அங்கே காய்ச்சி ஐஸ்கிரீமிலும் மாத்திரையிலும் சேர்ப்பார்களாம். நுனியைக் கிள்ளி எடுத்தால் மூன்று மாதத்தில் திரும்ப வளரும், வேரோடு பிடுங்கினால் வளராது. இதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு பக்கத்து ஊர் தேவைப்பட்டது. மேலக்குடாக்காரர்கள் இரும்புச் சுரண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள், இரண்டு வருஷம் நல்ல வரும்படி, மூன்றாம் வருஷம் பார் மொட்டை. இப்போது அந்த ஊர்ப் பெண்கள் விடியற்காலை வேனில் ஏறி எங்கோ ஒரு நண்டுக் கம்பெனிக்குப் போய், பனிக்கட்டியில் கிடக்கும் நண்டை நாள் முழுக்க நின்றபடி உரித்து, விரல் வெளிறித் திரும்பி வருகிறார்கள். அந்த வேன் புங்கடிவலசை வழியாகத்தான் போகும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் பாசிக்காரிகள் தங்கள் விரலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள்.

அந்தப் பயத்தில்தான் அவர்களில் ஒருத்தியான நம்புநாயகி சங்கம் ஆரம்பித்தாள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதம் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குவது என்று முதல் கூட்டத்திலேயே முடிவாயிற்று. ஒரு நாளைக்கு எவ்வளவு எடுப்பது என்பதில்தான் இழுபறி. ஆளுக்கு ஒரு மூட்டை என்றார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு மூட்டைக்குள் ஒன்றரை மூட்டையை மிதித்து ஏற்றினாள். மூன்று மணி நேரம் என்றார்கள். ஒவ்வொரு செல்போனும் ஒவ்வொரு நேரம் காட்டியது, ஒன்று கடலிலும் விழுந்தது. கடைசியில் நம்புநாயகி சொன்னாள்:

"மூச்ச எண்ணுவோம்டி. அத யாரும் மிதிச்சு அடைக்க முடியாது, ஏமாத்தி ரெண்டா விடவும் முடியாது."

ஆளுக்கு ஒரு நாளைக்கு நூற்றிருபது மூச்சு என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வல்லத்தில் ஆளுக்கு ஒரு பால்மாவு டப்பா. முங்க முடியாமல் இருக்கிற ஒருத்தி, பிள்ளைத்தாச்சியோ காய்ச்சல்காரியோ, டப்பாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எந்தத் தலை மேலே வந்து காற்றை இழுக்கிறதோ அந்த டப்பாவில் ஒரு சோழி. நூற்றிருபது விழுந்ததும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள், அவள் வல்லத்தில் ஏறிவிட வேண்டும். ஒன்பது வருஷம் இப்படி நடந்தது, பார் ஒரு சாண்கூடக் குறையவில்லை. தங்கள் நெஞ்சுக்குழியையே அளவுபடியாக வைத்துக்கொண்ட வேறு ஊர் அந்தக் கரையில் கிடையாது, அதில் அவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆனால் தை அமாவாசைக்கு மறுநாள் சாயங்காலம் களஞ்சியத்தின் பங்கில் பதினொரு பை பாசியும், டப்பாவில் ஒரே ஒரு சோழியும் இருந்தன.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஊர் எதையும் எடுத்துக்கொள்கிற மாதிரிதான். களஞ்சியத்தின் புருஷன் பூவலிங்கம் நண்டு வலையைப் பிரித்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, குழம்புக்குப் புளி இருக்கா?" என்றான். சுகாதார நிலையத்து நர்ஸ் விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியை மாட்டி, தொண்ணூற்றெட்டு, நல்லாத்தான் இருக்கு என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினாள். முனியசாமி கோயில் பூசாரி திருநீறு போட்டார், பேயாக இருந்தால் போகட்டும், சாமியாக இருந்தால் இருக்கட்டும் என்று இரண்டுக்கும் பொதுவாக வேண்டிக்கொண்டார். மீன்துறையிலிருந்து ஒருவர் படிவம் கொண்டுவந்தார், அதில் இதற்குக் கட்டம் இல்லை என்று 'இதர' என்ற இடத்தில் எழுதிக்கொண்டு போனார். ஒரு மாதத்துக்குள் அது சமாச்சாரமாகவே இல்லாமல் போய், நங்கூரம் அறுந்தவன், எஞ்சினைத் தவறவிட்டவன், குளிக்கும்போது கம்மலைத் தொலைத்தவள் எல்லோரும் கதவைத் தட்டி, "மதினி, கொஞ்சம் முங்கிப் பாத்துட்டு வர்றியா?" என்று கேட்பது சகஜமாகிவிட்டது.

களஞ்சியத்துக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கரையில் ஆளுக்கு ஆள் அவளைக் கூப்பிடுவார்கள், அடுப்பு கூப்பிடும், தண்ணீர்க் குழாய் கூப்பிடும், மாமியார் மருந்து கூப்பிடும். கடலுக்குள் யாரும் கூப்பிடுவதில்லை. ஓரா மீன்கள் கூட்டமாக வந்து அவள் கைக்குப் பக்கத்திலேயே பாசியைக் கொறிக்கும், அவளையும் தங்களைப் போல் மேய வந்த ஒன்றாக நினைத்துக்கொண்டு ஒதுங்காமல் நிற்கும். இத்தனை வருஷமும் அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடி வந்த இடத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு வேலையும் தெரியாததால் உட்கார்ந்த இடத்தில் கிள்ளினாள், கிள்ளியதைக் கட்டி அனுப்பினாள்.

மாசி மாதம் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் சங்கம் கூடியது. களஞ்சியம் செய்வது விதிமீறலா என்பதுதான் பேச்சு. நம்புநாயகி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூற்றிருபதுக்கு மேல் போகக்கூடாது என்று இருந்ததே தவிர, ஒன்றோடு நிற்கக்கூடாது என்று இல்லை.

"மீறலா? எங்கள எல்லாம் விட ஒழுக்கமா இருக்கா. நூத்திப் பத்தொம்போது மூச்ச மிச்சம் பிடிச்சுருக்காளே!" என்றாள் முனீஸ்வரி. அந்த வருஷம் சோழி போடுகிற பிள்ளைத்தாச்சி அவள்தான்.

மிச்சம் என்ற வார்த்தை விழுந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒருத்தி அந்த மிச்சத்தில் பத்து மூச்சு தனக்குத் தரலாமே என்றாள், இன்னொருத்தி தனக்குப் பெண் கல்யாணம் இருப்பதால் இருபது வேண்டும் என்றாள், சத்தம் கூடியது. சண்டை வேண்டாம் என்று நியாயமாகவே பிரித்தார்கள். அவள் வல்லத்தில் ஏறும் மற்ற பதின்மூன்று பேருக்கும் ஒன்பது ஒன்பது, மீதி இரண்டு மூச்சு முனியசாமிக்கு. அவ்வளவு நேர்மையாக அந்த ஊரில் எந்தப் பங்கும் பிரிந்ததில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். களஞ்சியம் எடுப்பது ஒரு கைகூடக் குறையாமல் மற்றவர்கள் எடுப்பது கூடுகிறது என்று ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

சீனியம்மா மட்டும் ஒன்று சொன்னாள். "எனக்கு எம்பதுக்கு மேல முடியாது. தினம் நாப்பது மூச்சு சும்மாதான் போகுது. ஒம்போது வருசமா அத யாரும் பங்கு கேக்கலையே!"

அவள் குத்தலாகத்தான் சொன்னாள். அடுத்த வாரம் அந்த நாற்பதையும் பிரித்துக்கொண்டார்கள்.

பங்குனி பிறந்தபோது விஷயம் தெரிந்தது களஞ்சியம் ஒருத்திக்குத்தான், ஏனென்றால் கீழே இருந்தது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் முங்கி நான்கு கை பார்த்துவிட்டு மேலே போகிறவர்கள், அவர்கள் கண்ணுக்குக் கைக்கு எட்டின பாறை மட்டும்தான் தெரியும். அவளுக்குப் பார் முழுக்கத் தெரிந்தது. முதலில் ஓரா மீன்கள் குறைந்தன. பிறகு ஒரு நாள் ஒன்றுகூட வரவில்லை. விரல் நீளம் இருந்த மரிக்கொழுந்து நகத்தின் அளவுக்கு வந்திருந்தது, கிள்ளின இடம் வளர்வதற்குள் மறுபடி கிள்ளியிருந்தார்கள். பாருக்குக் கிழக்கே கல்லுப்பள்ளம் என்று ஓர் இடம் உண்டு. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர் ஆண்கள் சுண்ணாம்புக் காளவாசலுக்கென்று பவளக்கல்லைப் பெயர்த்து எடுத்த இடம், இன்றைக்கும் வெறும் மணலும் பொடிக்கல்லுமாகத்தான் கிடக்கிறது. காற்று தினமும் வரும், மீன் வருஷா வருஷம் வரும், பாசி விட்டுவைத்தால் வரும், கல் மட்டும் போனால் போனதுதான் என்று நம்புநாயகி கூட்டத்தில் சொல்வதுண்டு. இப்போது பெரிய பாரின் மேற்குப் பாதியையும் கல்லுப்பள்ளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் களஞ்சியத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

மேலே வந்து சொன்னாள். "அக்கா, பார் மொட்டையாவுது. அடுத்த வருசம் நாமளும் அந்த வேன்லதான் ஏறணும்."

"பை நெறஞ்சுதானேடி வருது?" என்றாள் நம்புநாயகி.

நிறைந்துதான் வந்தது. களஞ்சியம் எட்டாத இடுக்குக்கெல்லாம் எட்டிப்போய் நிறைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள், அவள் சொல்லுக்கு எதிர்ச்சாட்சியாக அவள் பையே நின்றது.

சரி, நாமாவது சீக்கிரம் மேலே வந்துவிடுவோம் என்று அவள் முடிவு செய்தாள். அங்கேதான் அவளுக்கு இன்னொன்று தெரிந்தது. ஒரு மூச்சு என்பது எவ்வளவு நேரம் என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தாள், பக்கத்துப் பாறையில் நல்ல கொத்து ஒன்று தெரிந்ததும் எண்ணிக்கை நழுவிவிட்டது. நூறு கையோடு நிறுத்துவது என்று வைத்தாள், நூறாவது கை முடிந்ததும் இன்னும் ஒரு கையால் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது, அப்படியே இருநூறு ஆயிற்று. முன்பு அந்தக் கேள்வியே எழாது. நெஞ்சு எரியும், கை தானாகப் பாசியை விட்டுவிடும், கால் தானாக உந்தும். போதும் என்று சொல்வதற்கு உடம்பிலேயே ஓர் இடம் இருந்தது, அந்த இடம் இப்போது பேசவில்லை. அவள் பேராசைக்காரி இல்லை, அதை அவளை அறிந்த யாரும் சொல்வார்கள். நிறுத்துவதற்கு அவளிடம் காரணம் இருந்தது, நிறுத்துகிற வழிதான் இல்லை.

இந்த நேரத்தில்தான் பாசி ஏஜெண்டு முத்துவிஜயன் மைசூர்பாகோடு வந்தான். நாற்பது வயது, மரியாதையான பேச்சு, யாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். பௌர்ணமி ஆறு நாளில் ஐந்து நாள் முடிந்திருந்தது, மறுநாள் ஒரு நாள்தான் பாக்கி, அதற்குப் பிறகு ஒன்பது நாள் யாரும் இறங்கக் கூடாது.

"நான் விதிய மீறச் சொல்ல வரலக்கா" என்றான் அவன். "எறங்குன நாளுதானே கணக்கு? நாளைக்குக் களஞ்சியக்கா எறங்குறாங்க. மேல ஏறாத வரைக்கும் அவங்களுக்கு அது நாளைக்கு எறங்குன நாளுதான். மூச்சும் இன்னும் ஒண்ணு முடியல. ஒம்போது நாளும் ஒரே நாளு, ஒரே மூச்சு. உங்க நோட்ட எடுத்துப் பாருங்க, எங்கயாச்சும் இடிக்குதா?"

நம்புநாயகி நோட்டை எடுத்துப் பார்த்தாள். எங்கும் இடிக்கவில்லை. இது தப்பு என்று அவளுக்கு வயிற்றில் தெரிந்தது, ஆனால் வயிற்றில் தெரிவதை நோட்டில் காட்ட முடியவில்லை. ஒன்பது வருஷமாகத் தாங்கள் பெருமைப்பட்ட விதி தங்களைப் பார்த்தே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறதே என்று நினைத்தாளோ என்னவோ, நோட்டை மூடிவிட்டாள். கிடைப்பதை நாற்பத்தொரு வீட்டுக்கும் பங்கு வைப்பதாக ஏஜெண்டு சொன்னதும் மற்றவர்கள் மைசூர்பாகை எடுத்துக்கொண்டார்கள். சீனியம்மா மட்டும், "அவ கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள். எல்லோரும் களஞ்சியத்தைப் பார்த்தார்கள். நாற்பது பேர் எதிர்பார்த்து நிற்கும்போது முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவள் அவள். தலையை ஆட்டினாள்.

மறுநாள் இறங்கினாள், சாயங்காலம் மற்ற வல்லங்கள் கரைக்குத் திரும்பின, ஏஜெண்டின் வல்லம் மட்டும் பாரின் மேலேயே நின்றது. அவன் ஆட்கள் இரண்டு பேர் முறை வைத்துப் பையை இழுத்தார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் கஞ்சி ஊற்றிக் கயிற்றில் இறக்கினார்கள், அவள் மூடியைப் பல்லால் திறந்து வாய்க்குள் பீய்ச்சிக்கொண்டாள், எவ்வளவு ஜாக்கிரதையாகக் குடித்தாலும் உப்புக் கரித்தது. இரண்டாம் நாள் பூவலிங்கம் கரையில் நின்று கடலைப் பார்த்து, "இந்தா, அம்மாவோட மருந்துச் சீட்ட எங்க வச்ச?" என்று கத்தினான், பதில் வராததால் அவனாகவே தேடி அலமாரிக்கு மேலே கண்டுபிடித்தான். மூன்றாம் நாள் மேற்குப் பாதி தீர்ந்தது. நான்காம் நாள் கிள்ளுவதற்கு நுனி இல்லை. அவள் விரல்கள், பாறை கீறாமல் துணி சுற்றிய அந்தப் பத்து விரல்களும், நுனி கிடைக்காத இடத்தில் வேரைப் பிடித்தன. பிடுங்கியபோது பாறையில் வெள்ளையாக ஒரு தழும்பு தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், வாய்விட்டு அழுதாள், கடலுக்குள் அழுகை குமிழியாகத்தான் போகும், அழுதுகொண்டே அடுத்ததைப் பிடுங்கினாள்.

ஐந்தாம் நாள் காலையில் தலைக்கு மேல் ஒரு நிழல் இறங்கியது. சீனியம்மா. இறங்கக்கூடாத நாளில் இறங்கியிருந்தாள், ஒன்பது வருஷத்தில் அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம். பாறையைப் பிடித்துக்கொண்டு களஞ்சியத்தின் முகத்துக்கு எதிரே முகத்தை வைத்து, வா என்று தலையை அசைத்தாள். அதற்குள் அவளுக்கு முடியவில்லை, கன்னம் உப்பி, கண் பிதுங்கி, மேலே ஓடினாள். மேலே அவள் இருமுகிற அதிர்ச்சி தண்ணீருக்குள் தெரிந்தது. மறுபடி இறங்கினாள். வா. மறுபடி ஓடினாள். ஏஜெண்டின் ஆட்கள், "பெரியம்மா, வேணாம், செத்துப்போவீங்க" என்று கத்தியதையும் அவள் காதில் வாங்கவில்லை. பதினைந்து தடவை, இருபது தடவை, ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிடக் கொஞ்சம் குட்டையாக, வந்து வந்து போனாள்.

களஞ்சியம் கை நிறையப் பாசியோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் ஜோடியாக முங்கியும் சீனியம்மாவின் மூச்சை அவள் பார்த்ததில்லை, தன் மூச்சைப் பார்க்கவே அப்போது நேரம் போதவில்லை. இப்போது பார்த்தாள். ஒரு மூச்சு என்பது இவ்வளவுதான். இறங்கி, ஒரு பாறையைத் தொட்டு, ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி ஓட வேண்டிய அளவு. இதற்குள்தான் எல்லாம். சீனியம்மா இருபத்து நான்காவது தடவை இறங்கியபோது அவளுக்குப் பாறையைப் பிடிக்கவே கை வரவில்லை, கண் செருகியது. களஞ்சியம் பாசியை உதறிவிட்டு அவளை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள்.

கரையில் படுக்கவைத்து, நர்ஸ் வந்து, இழுப்புக்கு உறிஞ்சுகிற மருந்தைக் கொடுத்து, சீனியம்மா பேசுவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று.

"கெட்ட சிறுக்கி" என்றாள். "கூப்புட்டா வர மாட்டியா?"

"எனக்குத் தெரியலக்கா" என்றாள் களஞ்சியம். "எப்ப வரணும்னு எனக்குத் தெரியவே இல்ல."

அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. களஞ்சியம் வேரோடு வந்த ஒரு கொத்தைக் கொண்டுபோய் நடுவில் வைத்தாள், பிடுங்கியது நான்தான் என்றாள். அதற்குமேல் யாருக்கும் எதையும் விளக்கத் தேவைப்படவில்லை, அந்த வேரை அந்தப் பெண்கள் எல்லோரும் அறிவார்கள். சிலர் அவளைத் திட்டினார்கள், சிலர் ஏஜெண்டைத் திட்டினார்கள், நம்புநாயகி தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஆவணி வரைக்கும் பெரிய பாரில் ஒருவரும் கால் வைப்பதில்லை என்று முடிவாயிற்று. அதுவரை நூறு நாள் வேலை, கருவாடு, கரைவலைக்காரர்களுக்கு மீன் பொறுக்கிக் கொடுப்பது என்று எப்படியாவது தள்ள வேண்டியதுதான். ஆவணிக்குப் பிறகு களஞ்சியத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, அவள் இனி இறங்கவே கூடாது என்று பாதிப்பேர் சொன்னார்கள். பாவம், அவளுக்கும் வயிறு இருக்கிறதே என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

"என்னையக் கயித்தக் கட்டி சீனியக்காவோட சேத்துவிடுங்க" என்றாள் களஞ்சியம். "அவ ஏறுனா நானும் ஏறணும். அவ மூச்சுதான் என் மூச்சு."

"கட்டுறதுதான் கட்டுற, நல்ல மூச்சுக்காரியாப் பாத்துக் கட்டக்கூடாதா?" என்றாள் முனீஸ்வரி. "அக்காவோட மூச்சுல ரெண்டு கை பாசிகூடத் தேறாதே!"

"அதனாலதான் கேக்குறேன். பார் இப்ப அவளப் போலத்தான் இழுத்துக்கிட்டுக் கெடக்கு. அது தாங்குற அளவு அவ ஒருத்தி நெஞ்சுக்குத்தான் தெரியும்."

சீனியம்மாவுக்குக் கோபம் வந்தது. "எனக்கே பத்தாத மூச்சுல நீ வேற பங்கா?" என்றாள். ஆனால் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சங்கத்தில் அவள் மூச்சுக்கு ஒரு மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான். மிச்ச மூச்சை யாரும் யாருக்கும் கொடுக்கக்கூடாது, மிச்சம் கடலுக்கு என்று நோட்டில் புதிதாக ஒரு வரி எழுதினார்கள்.

ஆவணி பௌர்ணமிக்கு மூன்று வல்லமும் போயின. கிள்ளின இடமெல்லாம் மரிக்கொழுந்து அரை விரலுக்கு வந்திருந்தது. நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் வேரோடு வந்த இடம் வரவில்லை, மேற்கு ஓரத்தில் நாலைந்து வீட்டு அகலத்துக்கு வெள்ளையாகக் கிடந்தது, இன்றைக்கும் கிடக்கிறது. களஞ்சியம் அதைப் பார்க்காமல் தாண்ட முடியாது, அவள் முங்குகிற வழி அதுதான்.

இரண்டு பேரின் இடுப்பையும் இரண்டு ஆள் உயர நீளக் கயிறு சேர்த்திருந்தது. முங்கினார்கள். களஞ்சியம் ஒரு கை கிள்ளினாள், இரண்டாவது கை கிள்ளினாள், மூன்றாவதாகப் பாறை இடுக்கில் நல்ல கொத்தாக ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, கை அதைப் பிடித்தும்விட்டது. கயிறு இழுத்தது. நெஞ்சில் ஒன்றும் இல்லை, எரிச்சல் இல்லை, இறுக்கம் இல்லை, இன்னும் ஒரு கைதான், ஒரே ஒரு கை. கயிறு மறுபடி இழுத்தது. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அந்தக் கொத்தை விட்டுவிட்டு மேலே வந்தாள்.

மேலே சீனியம்மா வல்லத்தைப் பிடித்துக்கொண்டு விசில் சத்தத்தோடு காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். களஞ்சியமும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து இழுத்தாள்.

"உனக்கு எதுக்குடி?" என்றாள் சீனியம்மா.

"சும்மா இருக்க முடியலக்கா."

"போலாமா?"

"நீ சொல்லு."

சீனியம்மா வல்லத்தின் விளிம்பில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. மற்ற பெண்கள் முங்கி எழுந்து முங்கினார்கள், கீழே அந்தக் கொத்து அப்படியே ஆடிக்கொண்டிருக்கும் என்று களஞ்சியத்துக்குத் தெரியும். அவள் காத்திருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கடலில் அவள் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அதுதான்.